பகைவன் திரும்பி வருவான் என்று காத்திருந்த அக்கா

சங்கராபுரம் போகும் காலைப் பேருந்தில், பழுப்பு அட்டை போட்ட தடித்த சரித்திர நாவலை மடியில் வைத்துக்கொண்டு அக்கா திடீரென்று சிரித்தது அப்படியே நினைவிருக்கிறது. கதையில் இளவரசி எதிரி நாட்டுத் தளபதியின் கழுத்தில் கத்தி வைத்திருந்தாள். "மாட்னாடி," என்றார் அக்கா. கத்தி அவள் கையில்தானே இருக்கிறது, அவன்தானே மாட்டினான் என்று கேட்டேன். "கத்தி வெச்சவ குத்திட்டுப் போவாம, எதுக்குடி அவன் கண்ணப் பாத்துக்கினு நிக்கிறா?"

அக்கா தாலுகா ஆபீசில் எனக்கு மூத்தவர். மணமாகாதவர். கள்ளக்குறிச்சியிலிருந்து இருவரும் ஒன்றாகப் போய்வந்தோம். அன்றன்று நடந்ததை நடந்தபடி டைரியில் எழுதி வைக்கும் வழக்கம் எனக்கு உண்டு. அதனால் அந்தக் கதைகள் எனக்கு ஒத்துவரவில்லை. அண்ணனைச் சிறையில் அடைத்தவன்மேல், கோட்டையைக் கொளுத்தியவன்மேல் பாதிப் புத்தகத்துக்குப் பிறகு காதல் எப்படி வரும்? ஒருநாள் கேட்டே விட்டேன். "எதிரிதாண்டி நம்மள முழுசா பாப்பான். எதுக்கு பயப்படுவோம், எப்ப அழுவோம், எல்லாம் தெரிஞ்சி வெச்சிருப்பான். கட்னவனுக்கு கொழம்புல உப்பு கம்மியா ஜாஸ்தியான்னுதான் தெரியும்," என்றார். அப்போதுதான் நான் மூக்குக் கண்ணாடியை மாற்றி வேறு நிறத்தில் போட்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு அது இன்றுவரை தெரியாது.

ஆபீசில் அக்காவுக்கும் ஓர் எதிரி இருந்தார். சர்வேயர். அவர் கொண்டுவரும் நில உட்பிரிவு வரைபடங்களில் அக்கா ஏதாவது குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார். மற்றவர்களுடைய படங்களை அவ்வளவு உற்றுப் பார்க்க மாட்டார். "இன்னாங்க ராஜகுமாரி, இன்னிக்கு யார் தலைய வெட்டப் போறீங்க?" என்பார் சர்வேயர். "மொதல்ல வடக்கு எந்தப் பக்கம்னு போடுங்க. தலைய அப்பறம் பாத்துக்கலாம்," என்பார் அக்கா. இருவர் குரலிலும் மேஜைகள் அதிரும். ஆனால் டீக்காரர் வந்தால், "அவுங்களுக்கு சக்கர போடாத" என்று அறையின் அந்தக் கோடியிலிருந்து குரல் கொடுப்பவர் சர்வேயர் ஒருவர்தான். அவர் லீவு போட்ட நாட்களில், திரும்பும் பேருந்தில் அக்கா புத்தகத்தைத் திறந்தபடி வைத்திருப்பார், பக்கம் புரளாது.

பிறகு சர்வேயரைக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு மாற்றினார்கள். கடைசி நாள் அக்காவின் மேஜை எதிரில் வந்து நின்றார். பக்கத்து மேஜையில் நான் இருந்தேன். "இத்தினி வருஷம் சண்ட போட்டுக்கினே இருந்துட்டோம். இனிமேலாவது ஒண்ணா இருக்கலாமான்னு கேக்கத்தான் வந்தேன். நீங்க இன்னா சொல்றீங்க?" என்றார். அக்கா தலையை நிமிர்த்தவில்லை. "பாக்கி இருக்கிற ஃபைல முடிச்சிக் குடுத்துட்டுப் போங்க." அவர் உட்கார்ந்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

பேருந்தில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அக்காவோ நிதானமாக இருந்தார். "மொத வாட்டி கேட்டதும் தலையாட்டிட்டா அது இன்னா கதைடி? வருவான் பாரு."

வரவில்லை. வெள்ளிமலை ஒன்றும் கடல் கடந்த தேசமில்லை. அங்கிருந்து தினமும் பேருந்து வருகிறது. எனக்கு அந்தக் கதைகளை எழுதியவர்கள்மேல்தான் கோபம். மறுக்கப்பட்டவன் அடுத்த பாகத்தில் மழையில் நனைந்து, தோளில் காயத்தோடு திரும்பி வந்துவிடுவான். ஒரு பெண் மாட்டேன் என்றால் அதை மாட்டேன் என்றே எடுத்துக்கொண்டு மரியாதையாக விலகிப் போகும் ஆண் ஒருவனை அவர்கள் எழுதியதே இல்லை. அக்காவுக்கு வாய்த்தவர் அப்படிப்பட்டவர்.

போன மாதம் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டாராம். மலையிலேயே தனியாக இருக்கிறாராம். முதல் கேள்வியே, "அவுங்க எப்டி இருக்காங்க?" அக்காவின் எண்ணைத் தருகிறேன் என்றேன். போனை வெளியே எடுத்தவர் நிறுத்தினார். "அவுங்க குடுக்கச் சொன்னாங்களா?" இல்லை என்றேன். "அப்ப வேணாங்க. நான் ஒரு வாட்டி கேட்டுட்டேன். இனிமே அவுங்கதான் பேசணும்." தன் எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனேன். இப்போது கண் சரியில்லாததால் அதே மாதிரிக் கதைகளைப் போனில் கேட்கிறார். காதிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு நான் சொன்னதை முழுதும் கேட்டார்.

"தலை நரைச்சிடுச்சா?"

"ஆமாங்க்கா."

"அவனே வரட்டும்."

"வரமாட்டாருக்கா. நீங்கதான் பேசணுமாம். இது கதை இல்லக்கா."

"தெரியும்டி," என்றார். தாளை வாங்கி, கண்ணுக்கு மிக அருகில் பிடித்து எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். "இன்னான்னு ஆரம்பிக்கிறது?"

"சண்டையே போடுங்களேன். அதுதான் நல்லா வரும் உங்களுக்கு." என் குரல் உயர்ந்துவிட்டது.

அக்கா தாளை நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். "இரு, ராஜா சிறையில இருக்கான். ராஜகுமாரி இப்பதான் சாவிய எடுத்துக்கினு போறா. இத முடிச்சிட்டுப் பேசறேன்," என்று ஒயரை மறுபடி காதில் மாட்டிக்கொண்டார்.