அவளுக்குத்தான் கன்னடம் வரும்

மைசூர் ஹெப்பாளில் கம்பெனி பஸ்கள் திரும்பும் சாலைக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் அரசுப் பள்ளிக்கூடம். உள்ளூர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளை வேன் வந்து அழைத்துப்போகும் பள்ளிகளுக்கு மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு மிஞ்சியவர்கள் பீகார், ஒடிசா, நேபாளம், ராய்ச்சூர் பக்கமிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். தகரக் கூரை போட்ட லைன் வீடுகளிலிருந்து வருவார்கள். காண்டிராக்டர் வேறு ஊருக்கு ஆள் மாற்றினால் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுவார்கள். 'நீங்க செய்யறது பெரிய சேவை' என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சேவையாவது மண்ணாங்கட்டியாவது! மூட்டு வலி, தொண்டை வலி, சாயந்திரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடையாது. அவ்வளவுதான் என் சேவை.

ஐந்தாம் வகுப்பில் ஓர் ஒடியாப் பெண் இருந்தாள். எங்களிடம் சேர்ந்த புதிதில் கன்னடத்தில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் விடவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார வைத்துப் பேசிப் பேசியே பழக்கினேன். ஒரு நாள் பக்கத்துப் பையனிடம் ரப்பருக்காகச் சுத்தமான கன்னடத்தில் சண்டை போட்டாள். சண்டை வந்துவிட்டால் மொழி வந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைக் கேட்கவே வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் அவள் பள்ளிக்கு வராமல் போக ஆரம்பித்தாள். சமையல்கார அம்மாவிடம் விசாரித்தேன். ஹனூர் பக்கத்துத் தமிழ்க்காரர். லைன் வீடுகளில் நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

"அந்தப் புள்ளைய ஆளாளுக்குக் கூட்டிட்டுப் போறாங்க டீச்சர். ஒருத்தி ரேசன் கடைக்கு, ஒருத்தன் கரண்ட் ஆபீசுக்கு. பேசறதுக்கு ஆளு வேணுமில்லீங்களா? இப்ப அவுங்கம்மா வேற மாசமா இருக்குது. ஆஸ்பத்திரிக்கும் இந்தப் புள்ளதானுங்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான். நான் கன்னடம் கற்றுக்கொடுத்தது அவள் வகுப்பில் உட்காருவதற்கு. அதுவே அவளை வகுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அவள் அப்பாவை வரச் சொன்னேன். ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை. அவருக்கு ஒடியாவோடு ஹிந்தியும் வரும். என்னுடையது சீரியல் பார்த்துக் கற்ற ஹிந்தி. அவர் மனைவிக்கோ ஒடியாவைத் தவிர எதுவும் தெரியாது.

"பத்து வயசுப் பொண்ணுக்குப் பிரசவ வார்டுல என்ன வேலை?" என்று கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் லீவு போட்டா மறுநாள் என் இடத்துல வேற ஆள் நிப்பான் மேடம். வீட்டுல அவளுக்குத்தான் கன்னடம் வரும்."

எனக்குக் கோபம் ஏன் அப்படிப் பொத்துக்கொண்டு வந்தது என்று எனக்குத் தெரியும். என் அம்மா தமிழ் பேசும் கோபிநத்தத்திலிருந்து மைசூருக்கு வாழ வந்தவள். கன்னடம் சரியாக வராது. சின்னப் பெண்ணாக டாக்டர் மேஜை முன்னால் நின்று, அம்மாவுக்கு எங்கே வலிக்கிறது, எவ்வளவு உதிரம் போகிறது என்றெல்லாம் நான்தான் சொன்னேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். பெற்றவளுக்கு வந்த அந்த வெட்கத்தை எந்தப் பெண்ணும் பார்க்கக்கூடாது.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்தேன். ஆஸ்பத்திரி நாளில் அந்தப் பெண்ணின் அம்மாவோடு நான் போவது. பெண் வகுப்பில் இருப்பது. தலைமையாசிரியர் முகத்தைச் சுளித்தார். "நம்ம வேலை பாடம் நடத்தறது மேடம்," என்றார். "ஆமா சார், பாடம் நடத்தப் பிள்ளை கிளாஸ்ல இருக்கணும்ல," என்றேன். வீட்டிலும் எனக்கு மங்கள ஆரத்திதான், அதாவது திட்டு. "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறதே உனக்கு வேலையாப் போச்சு. சும்னே ஏன் உடம்பைக் கெடுத்துக்கறே?" என்றார் கணவர். சொல்லிவிட்டு, ஆட்டோவில் போ, பஸ்ஸில் தொங்காதே என்றும் சொன்னார்.

லைன் வீடுகளில் ஹிந்தியும் ஒடியாவும் தெரிந்த ஒரு பெண் இருந்தாள். டாக்டர் கன்னடத்தில் சொல்வதை நான் போனில் ஹிந்தியில் சொல்வேன். அவள் அதை ஒடியாவில் அம்மாவுக்குச் சொல்வாள். கைமாறிக் கைமாறிப் போய், இரும்புச் சத்து மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பதே ஒரு பெரிய வழக்காகிவிடும். இருந்தாலும் வண்டி ஓடியது. பெண் தினமும் பள்ளிக்கு வந்தாள். பிறகு அந்தப் போன்காரியின் குடும்பத்தைக் காண்டிராக்டர் ஓசூருக்கு மாற்றிவிட்டான். அதோடு அவள் பழைய நம்பரும் வேலை செய்யவில்லை.

வேறு ஆள் தேடுவதற்குள் ஒரு நாள் காலை இடைவேளையில் அந்த அம்மாவே பள்ளி வாசலில் வந்து நின்றாள். ஏழாம் மாதம். இரண்டு கைகளும் வயிற்றின் மேல் இருந்தன. பெண் ஓடிப் போய்க் கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"மிஸ், நேத்துலேர்ந்து பாப்பா அசையலையாம்."

யோசிக்க என்ன இருக்கிறது? ஆட்டோ பிடித்தேன். பெண்ணை விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. அம்மா அவள் கையை விடவே இல்லை. ஆஸ்பத்திரியில் பெயர் சொல்லவும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் அவள் வேண்டியிருந்தாள். ஸ்கேன் அறைக்குள் போகும்போது மட்டும், "நீ வெளியில பெஞ்சில உட்காரு. கூப்பிட்டா வந்தாப் போதும்," என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். ராத்திரி முழுக்க விழித்திருந்த கண்கள். மெஷினை வயிற்றின் மேல் வெகுநேரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கன்னடத்தில் சொன்னார்: குழந்தையின் இதயம் நின்றுவிட்டது. உடனே சேர்த்தாக வேண்டும், தாமதித்தால் தாய்க்கு ஆபத்து.

"அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லி, சம்மதம் வாங்கணும். வெளிய ஒரு பொண்ணு இருக்கே, அவளைக் கூப்பிடுங்க."

"வேண்டாம் டாக்டர். அது குழந்தை."

"எனக்கு மட்டும் ஆசையா மேடம்? வேற யாரு இருக்காங்க?"

அப்பாவுக்குப் போன் போட்டேன். தொழிற்சாலையில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அடித்து அடித்து நின்றது. காண்டிராக்டரின் ஆளைக் கூப்பிட்டேன். சொல்லி அனுப்புகிறேன் என்றான். வார்டில் ஒடியா தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று ஆயாவிடம் கேட்டேன். இல்லை. அந்த அம்மா படுத்தபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்தேன். என்ன பிரயோஜனம்? என் வாயில் அவளுக்கென்று ஒரு சொல்கூட இல்லை. அவள் தலையைத் திருப்பி, மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

பெண் உடனே உள்ளே வந்துவிட்டாள். அவள் பெஞ்சில் உட்காரவே இல்லை.

"கர்ட்டன் பக்கத்துலதான் மிஸ் நின்னேன். டாக்டர் சொன்னது கேட்டுச்சு."

அவள் என்னை வாசல் பக்கமாக லேசாகத் தள்ளினாள்.

"நீங்க வெளிய இருங்க மிஸ். நீங்க இருந்தா அம்மா அழமாட்டா."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளை சொல்லி நான் வெளியே போய் நின்றது அன்றைக்குத்தான். உள்ளே அவள் குரல் கேட்டது. பாடம் ஒப்பிப்பதுபோல, நிறுத்தி நிறுத்தி, தெளிவாக. நான் பழக்கிய குரல்தான். பாழாய்ப்போன கன்னடத்தை இவளுக்கு ஏன் கற்றுக்கொடுத்தோம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அப்புறம் அந்தத் தாயின் அழுகை வராந்தா முழுக்கக் கேட்டது.

அவளை வார்டுக்குக் கொண்டுபோனார்கள். பெண் வந்து என் பக்கத்தில் நின்றாள். "அம்மா கையெழுத்துப் போட்டுட்டா மிஸ்," என்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் அப்பா ஓடி வந்தார். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. என்னைத் தாண்டிப் போய், நேராக மகள் முன்னால் நின்று ஒடியாவில் என்னவோ கேட்டார். என்ன கேட்டார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு வாயைத் திறந்தாள்.

நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து என் பக்கம் திருப்பினேன். இப்படி ஒரு ஆம்பிளையை இழுத்ததே இல்லை. "பச்சா நஹீ ரஹா, பய்யா," என்றேன். வார்டைக் காட்டி, "மா டீக் ஹை," என்றேன். குழந்தை தங்கவில்லை, தாய் நலம்; அதற்கு மேல் எனக்கு ஹிந்தி வரவில்லை. அவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

இந்தத் தடவை தான் சொல்ல வேண்டியதில்லை என்று அந்தப் பெண்ணுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு என் புடவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தைப் புதைத்து, அவள் மொழியில் என்னவோ சொல்லிச் சொல்லி அழ ஆரம்பித்தாள்.