எய்தப்பட்ட நான்காம் இலக்கு

வளர்ச்சி இலக்குகள் எழுதுவதில் எனக்கு ஒரு கைப்பக்குவம் உண்டு. நடந்து முடிந்ததை முதலில் எழுத வேண்டும். எப்படியும் நடந்துவிடும் என்று தெரிந்ததை அடுத்து எழுத வேண்டும். நடக்கவே நடக்காது என்பதைக் கடைசியில் போட்டு, 'உரிய முயற்சிகள் மேற்கொள்ளப்படும்' என்று முடிக்க வேண்டும். பன்னிரண்டு பக்கம் வந்ததும் ஓரத்தில் துளை போட்டு நாடாவால் கட்டிவிட்டால், எந்த நிறுவனமும் ஐந்து வருடத்துக்குத் தானாக வளரும்.

காரைக்குடிக்கு வெளியே இருக்கும் வாய் உயிரியல் முதுநிலை ஆய்வு நிறுவனத்தில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு பழைய வீட்டின் பின்கட்டும், அதை ஒட்டிக் கட்டிய மூன்று அறைகளும்தான் நிறுவனம். எச்சில், ஈறு, நாக்கில் வாழும் கிருமிகள் இவற்றைப் பற்றி அங்கே ஆராய்வார்கள். பல் மட்டும் பிடுங்க மாட்டார்கள். இது ஊருக்கு இன்றுவரை புரியவில்லை. கன்னம் வீங்கி வருகிறவர்களிடம் "இங்கே வைத்தியம் கிடையாது, ஆராய்ச்சி மட்டும்" என்று சொல்லியே என் உத்தியோக காலத்தில் பாதி போனது. "அப்ப எதுக்குய்யா வாசல்ல பல்லு படம் போட்டுருக்கீக?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு எங்களிடம் படிவம் இல்லை.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு வருடமாக எழுதப்படாமல் கிடந்த, அடுத்த ஐந்தாண்டுக்கான வளர்ச்சி இலக்குகளை எழுதித் தரவேண்டுமாம்.

"போன தடவ நீங்க எழுதுனதுல எல்லாமே எய்தப்பட்டதுன்னு வந்துச்சு. அதே மாதிரி இதையும் எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

பழைய மேசையையே கொடுத்தார்கள். முதல் நாள் உட்கார்ந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஓர் ஆய்வு மாணவி வந்து நின்றாள். கல்லல் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு பஸ் பிடித்துப் புதுவயல் போய், அரிசி ஆலைகளில் வேலை செய்கிறவர்களிடம் எச்சில் வாங்கிக்கொண்டு வருகிறவள். தவிட்டுத் தூசி அவர்கள் வாயை என்ன செய்கிறது என்பது அவள் ஆராய்ச்சி. அதே ஆட்களிடம் மூன்று வருடமாகச் சேகரித்து வருகிறாள். "துப்புறதுக்கு ஒரு படிப்பா, ஆத்தா?" என்று ஆலைக்காரர்கள் கேலி செய்வார்களாம். ஆனாலும் துப்பிக் கொடுப்பார்களாம்.

"சார், இலக்கு எழுதுறது நீங்கதான்னு சொன்னாக. ஒரே ஒரு வரி சேத்துருங்க சார். மைனஸ் எண்பது டிகிரி உறைபெட்டி."

"இப்ப எதுல வச்சிருக்க?"

அவள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஐஸ்கிரீம் கடையில."

அந்தக் கடை உறைபெட்டி மைனஸ் இருபதுக்குக் கீழே இறங்காது. அந்தக் குளிரில் மாதிரிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டிருக்கின்றன. எண்பதில் வைத்தால் பிழைக்கும். கெட்டுவிட்டால் மறுபடி சேகரிக்க வழியில்லை. முதல் வருடத்து எச்சிலை இப்போது போய் யாரிடம் கேட்பது? மூன்று வருடமும் பட்டமும் போய்விடும். இதை அழாமல், கணக்குப் பாடம் சொல்வதுபோல் சொன்னாள்.

ஒரு வரிதானே, சேர்த்துவிடலாம் என்று பழைய திட்டக் கோப்பை எடுத்தேன். நான்காம் இலக்கு: மைனஸ் எண்பது உறைபெட்டி வசதி. எதிரே: எய்தப்பட்டது. அதற்கடியில் என் சுருக்கொப்பம்.

நினைவு வந்தது. ஆறு வருடத்துக்கு முன், சென்னையிலிருந்து பெட்டி வரவேண்டியது தாமதமாகிக்கொண்டே போனது. கார்த்திகை முடியப் போகிறது. மார்கழியில் திறப்பு விழா வைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். தைக்கு வரச்சொன்னால் சிறப்பு விருந்தினர் வெளிநாட்டில் இருப்பார். ஆகவே கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில், பெட்டிக்கென்று கட்டிய சிமெண்டு மேடையின் முன்னால் ரிப்பன் வெட்டினோம். கல்வெட்டுக்குச் சந்தனம் வைத்தோம். வெற்று மேடையைச் சுற்றி எல்லாரும் கைதட்டிய புகைப்படம் கோப்பில் இருக்கிறது. திறப்பு விழா நடந்ததால் 'எய்தப்பட்டது' என்று எழுதினேன். திறந்து வைத்தாகிவிட்ட பொருளை எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்டுக் கொள்முதல் கோப்பை மூடினார்கள். ஒவ்வொரு படியும் விதிப்படி நடந்தது.

இயக்குநரிடம் போனேன்.

"உறைபெட்டியா? அதான் நம்மகிட்ட இருக்கே."

"மேடைதான் சார் இருக்கு."

"கல்வெட்டு இருக்குல்ல? அப்ப பதிவேட்டுலயும் இருக்கும். எய்துன இலக்க மறுபடி இலக்கா வைக்கக் கூடாதுன்னு விதி இருக்கே. அதச் சேத்ததே நீங்கதான?"

ஆமாம், நான்தான். அப்போது அது நல்ல விதியாகத் தெரிந்தது.

இருக்கும் பொருளை வாங்க முடியாது. ஆனால் பழுதான பொருளைக் கழித்துவிட்டுப் புதிதாக வாங்கலாம். எனவே, இல்லாத பெட்டியைக் கழிக்க விண்ணப்பம் எழுதினேன். பழுதுப் பொருள் குழுவைச் சேர்ந்த மூன்று பேர் வந்து மேடையைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் குனிந்துகூடப் பார்த்தார்.

"கதவு சரியா மூடுதா?"

"கதவே இல்லைங்க."

"அப்பப் பழுதுதான்" என்று எழுதிக்கொண்டார்.

நான் கொஞ்சம் நம்பிக்கையோடுதான் இருந்தேன். அடுத்தவர் கல்வெட்டைப் படித்து விரல்விட்டு எண்ணினார். "ஆறு வருசம்தான் ஆகுது. பத்து வருசம் ஆகாமக் கழிக்க முடியாது. இன்னும் நாலு வருசம் ஓட்டுங்க" என்றார். அதுவரை பெட்டியைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்குமாறு குறிப்பும் எழுதிவைத்துப் போனார்கள்.

அதற்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, ஐஸ்கிரீம் கடைக்காரர் நேரே அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மாணவி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"சார், நான் மருந்துன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்! டப்பாவுல உமிழ்நீர்னு எழுதியிருக்கு. என்னாத்தா அதுன்னு எம்மகளக் கேட்டேன். எச்சிங்குறா! குல்பிக்குப் பக்கத்துல எச்சிய வச்சிருக்கேன் சார் நான்!"

"மூடி போட்டு, மூணு உறைக்குள்ள இருக்குண்ணே" என்றாள் அவள்.

"மூடி போட்டா அது பாயாசமாயிருமா? வெளிய தெரிஞ்சா எங் கடையில ஈ கூட உக்காராது. ஞாயித்துக்கெழம முகூர்த்தத்துக்கு ஆர்டர் இருக்கு. சனிக்கெழம காலையில எடுத்துரணும், சொல்லிப்புட்டேன்."

போகும்போது என் மேசை அருகே நின்று, மெதுவான குரலில், "நல்ல புள்ளதான். நீங்களாச்சும் ஏதாவது செஞ்சு விடுங்க சார்" என்றும் சொன்னார்.

மாணவி அங்கேயே நின்றாள். "நாலாம் இலக்குல கையெழுத்துப் போட்டது யாரு சார்?" என்று கேட்டாள். பார்க்காமல் கேட்டாளா, பார்த்துவிட்டுக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். எங்கள் அலுவலகத்தில் மிகவும் பழகிய வாக்கியம் அது.

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். கூடத்துச் சுவரில், ஓய்வு பெற்ற அன்று கொடுத்த பாராட்டுப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. 'திட்ட இலக்குகள் அனைத்தும் எய்தப்படக் காரணமாக இருந்தவர்' என்று அதில் இருக்கிறது. மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடிப்பதற்குள் அதை நாலு தடவை படித்துவிட்டேன்.

விதிப் புத்தகத்தில் யாரும் புரட்டாத ஒரு பக்கம் உண்டு. முந்தைய திட்டத்தில் எய்தாமல் நின்றுபோன இலக்கை, எந்தக் குழுவையும் கேட்காமல் இயக்குநர் தன் கையெழுத்திலேயே வேண்டியதை வாங்கி முடித்துவைக்கலாம். இந்த விதியை யாரும் ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. காரணம், எங்கள் நிறுவனத்தில் எய்தாத இலக்கு என்று ஒன்று இருந்ததே கிடையாது. இந்தப் பக்கம் எனக்கு முதல் நாளே தெரியும். அதைத் திறக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர், எய்தவில்லை என்று எழுத வேண்டும். அதனால்தான் மேடையைச் சுற்றி மூன்று பேரை நிற்கவைத்து வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை வெள்ளைத் தாளில் எழுதினேன். 'நான்காம் இலக்கு எய்தப்படவில்லை. பெட்டி வரவில்லை. வந்ததாக எழுதியது நான்.' கீழே முழுக் கையெழுத்து. நேரே தபால் மேசைக்குப் போய் வரவு எண் போட்டு, முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு, அதன்பிறகே இயக்குநரிடம் கொடுத்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். "இதுக்குன்னு ஒரு படிவமே இல்லையே" என்றார்.

"இல்ல சார்."

"கிழிச்சுப் போட்டுருவோம். உங்களுக்கும் நல்லது."

"வரவு எண் போட்டாச்சு சார். கிழிச்சா, எண் இருக்கு கடிதம் எங்கன்னு தணிக்கையில கேப்பாக."

அவர் வரவு முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். "இப்ப எய்தாத இலக்கு ஒண்ணு நம்ம கோப்புல கெடக்கு. புதுத் திட்டம் மேல போறப்ப இது கூடப் போகுமா?"

"போகும் சார். அதுக்குள்ள எய்திட்டாப் பிரச்சினை இல்ல" என்று சொல்லி, விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்தேன்.

ஆறு வருடமாக வராத பெட்டி இரண்டு நாளில் வந்தது. மதுரையில் ஒரு வியாபாரியிடம் தயாராக இருந்ததாம். வெள்ளி சாயங்காலம் வண்டியிலிருந்து இறக்கி மேடையில் ஏற்றினார்கள். மேடை அளவு கச்சிதம். சனிக்கிழமை காலை இயக்குநர் வந்து, பெட்டியின் பாதுகாப்பு உறையைப் பிரிக்க வேண்டாம் என்றார். திங்கட்கிழமை நாள் நன்றாக இருக்கிறதாம், சின்னதாக ஒரு ரிப்பன் வெட்டிவிடலாமாம்.

நான் கல்வெட்டைக் காட்டினேன். "திறந்து வச்சு ஆறு வருசமாச்சு சார். ஒரே பெட்டிய ரெண்டு தடவ திறக்க விதி இல்ல."

அவர் கல்வெட்டை முழுக்கப் படித்துவிட்டு, மின் இணைப்புக் கொடுக்கச் சொன்னார்.

பெட்டி எண்பதுக்கு இறங்கச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை மாதிரிகள் தாங்க வேண்டுமே? ஐஸ்கிரீம்காரர், சொன்ன நேரத்துக்குத் தன் தள்ளுவண்டியில் வைத்து எல்லாவற்றையும் தானே கொண்டுவந்து, வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டார். வண்டியைப் பார்த்துத் தெருப்பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பல்வலி பார்க்க வந்த ஒருவரும், கன்னத்தைப் பிடித்தபடி, சில்லென்று ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார்.

"எச்சிதான் இருக்கு. புதுவயல் சரக்கு. வேணுமா?" என்றார் கடைக்காரர்.

மாணவி பெட்டியின் முன்னால் ஒரு முக்காலி போட்டு, எண் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது, ஐம்பத்தைந்து, எழுபது. எண்பது வந்தபோது சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து, ஒவ்வொரு தட்டாக உள்ளே வைத்தாள். கடைசித் தட்டு வைத்ததும் கடைக்காரர், வண்டியை இரண்டு தடவை வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் போனார்.

புதிய இலக்குகளை எழுதி முடித்துக் கொடுத்தேன். பதினோரு பக்கம்தான் வந்தது. அதன்பிறகு இயக்குநர் என்னைக் கூப்பிடவில்லை. கடைசி வேலையாக, பழைய கோப்பில் நான்காம் இலக்குக்கு எதிரே மறுபடி 'எய்தப்பட்டது' என்று எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். சுருக்கொப்பம் போடுவதற்கு முன் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய், பெட்டியின் கதவைத் திறந்து பார்த்தேன். வெண்புகை முகத்தில் அடித்தது. தட்டுகள் இருந்தன.

"சார், மூடுங்க சார்! குளிரு போகுது" என்று மாணவி தன் மேசையிலிருந்தே அதட்டினாள்.

மூடினேன்.