வில் பிடிக்கத் தெரியாதவர்

சிலாவத்துறைக் கடற்கரையில் ஒரு பிஸ்கட் விளம்பரம் எடுத்தார்கள். சிங்கள இயக்குநருக்கு நான் மொழிபெயர்ப்பாளன். வேடராக நடிக்க, கிழக்குக் கரை வாகரையிலிருந்து உண்மையான பழங்குடி வேடர் ஒருவரையே அழைத்திருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டையின் கழுத்துப் பொத்தானை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சட்டையைக் கழற்றச் சொல்லி, இடுப்பில் இலைகளைக் கட்டி, கையில் வில்லைக் கொடுத்தார்கள். கத்திக்கொண்டு ஓடிவர வேண்டுமாம்.

"தம்பி, நாங்க வலை போடுற ஆக்கள். வில்லுப் பிடிக்கத் தெரியாதெண்டு சொல்லுங்க," என்றார் என்னிடம்.

சொன்னேன். "வில் இல்லாவிட்டால் வேடர் என்று யார் நம்புவார்கள்?" என்று இயக்குநர் சிரித்தார்.

"என்ட மகள் டீச்சர். அவள்ற வகுப்புப் பிள்ளையளும் பாக்குமே, தம்பி."

அதை இரண்டு தடவை மொழிபெயர்த்தேன். கமரா தயார் என்றார்கள்.

ஆறு தடவை ஓடினார். கடைசித் தடவை நன்றாகக் கத்தினார் என்று எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஏனென்று இன்றும் தெரியவில்லை.