பதவி முடிய இன்னும் பதினாறு நாள்

பர்மாவில், பசுந்தாங் பகுதியில் நாங்கள் இருந்தது அரசாங்கக் குடியிருப்பு. மூன்றாம் மாடியில் ஒரே அறை. அறைகளை ஒதுக்க ஒரு குழு உண்டு. அதன் உறுப்பினர்களை மேலிடம் நியமிக்கும், இரண்டு வருஷப் பதவி. யாரைப் போடலாம் என்று எங்களை யாரும் கேட்டதில்லை. எங்கள் கட்டடத்துக்குப் பொறுப்பான உறுப்பினர் தாய்வழியில் தமிழர், நல்ல மனுஷன். பர்மிய வழக்கப்படி மரியாதையாக சயா என்று கூப்பிடுவோம்.

அந்த வருஷம் ஐப்பசியில் அப்பா இறந்தார். மூன்று மாதத்துக்குள் அறையை அம்மா பேருக்கு மாற்றாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சயா கையெழுத்தும் முத்திரையும் போட்டால் போதும். அவர் பதவி டிசம்பர் கடைசியில் முடிகிறது. அதற்கான காகிதம் மேல் ஆபீசிலிருந்து அந்த மாதம் இருபதாம் தேதி வரும் என்றார்கள். நேரம் இருக்கிறது என்று நம்பினோம்.

பதவி முடிகிறவருக்கு மாலை, பொன்னாடை, சாப்பாடு என்பது எங்கள் கட்டடத் தமிழர்களின் வழக்கம். கீழ்த்தளத்துக் கடைக்காரர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, மார்கழி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார். கார்த்திகைக் கடைசி நாளிலேயே வழியனுப்பு விழா நடந்தது. பபேடான் கடைத்தெருவுக்குப் போய் மாலை வாங்கி வந்த முட்டாள் நான்தான்.

இருபதாம் தேதி காகிதத்தோடு போனேன்.

"சயா, பதவி இன்னும் இருக்குல்ல உங்களுக்கு?"

"பதவி இருக்கு, முத்திரை இல்ல. நீங்க மாலை போட்ட மறுநாளே ஆபீஸ்லேர்ந்து வந்து வாங்கிட்டுப் போய்ட்டாங்க. வழியனுப்பியாச்சாமேன்னு கேட்டாங்க."

"வெறும் கையெழுத்தாவது போடுங்க."

"நீங்க மாலை போட்டு அனுப்பின ஆளு திரும்பி வந்து கையெழுத்துப் போட்டா பேய்னுவாங்க. போ தம்பி."

கடைக்காரரிடம் கத்தினேன். "மார்கழில செய்யச் சொல்றியா?" என்றார். அவ்வளவுதான்.

புது உறுப்பினர் மாசியில் வந்தார். பர்மியர், கறாரானவர். கெடு தாண்டிவிட்டது என்றார். "நடுவில் உறுப்பினரே இல்லையே, யாரிடம் கொடுப்பது?" என்று பர்மியில் கேட்டேன். "இல்லாதவரிடம் கொடுக்காதது உங்கள் தவறு" என்றார். சிரிக்கவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். அதற்கு மேல் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

ஆற்றுக்கு அக்கரையில், தன்லியினில் ஒரு வாடகை அறை பிடித்தோம். அங்கே குடியிருப்பவர்களுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் குடும்பப் பட்டியலில் சேர, பசுந்தாங் பட்டியலிலிருந்து பேரை நீக்கியதாகக் கையெழுத்தும் முத்திரையும் வேண்டுமாம். அம்மாவோடு போய் நின்றேன். புது உறுப்பினர் கையெழுத்துப் போட்டு, முத்திரையை எடுத்து அந்த நிமிஷமே குத்திக் கொடுத்தார். உட்காரச் சொல்லும் நேரம்கூட ஆகவில்லை.