மல்லிகை நாயும் சூப்பு நாயும்

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை நம் சின்னவள் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குட்டி நாய்கள். இரண்டுக்கும் நிமிர்ந்த காது. இரண்டுக்கும் முதுகில் கருநீலமும் காலில் பழுப்புமாகப் பளபளக்கும் முடி. "அப்பா, ஒண்ணு சில்கி டெரியர், இன்னொண்ணு யார்க்‌ஷயர் டெரியர். எது எதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

நான் யோசிக்கவே இல்லை. கைபேசியை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன்.

"அக்கா, இங்க வாயேன்! அப்பா ஃபோனை மோந்து பாக்குறாரு!" என்று அவள் போட்ட கூச்சலில் பெரியவளும், கையில் கரண்டியோடு உங்கள் அம்மாவும் ஓடி வந்துவிட்டார்கள். கைபேசிக் கண்ணாடியில் சற்றுமுன் யாரோ தின்ற முறுக்கின் எண்ணெய் வாசனைதான் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு மூச்சுக்குள் நான் பிரிக்ஃபீல்ட்ஸ் போய், கிள்ளான் போய், மழையில் நனைந்து வீடு திரும்பியிருந்தேன். அது உங்கள் யாருக்கும் தெரியாது.

பிள்ளைகளா, வாயால் சொன்னால் பாதியிலேயே எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும், சின்னவள் சிரித்துக்கொள்ளட்டும்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு பின்சந்து. அங்கே நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை ஒன்று இருந்தது. நான் அந்தக் கடையின் வேன் ஓட்டுநர். வீடு வீடாகப் போய் நாய்களை ஏற்றி வருவேன். குளித்து முடித்ததும் கொண்டுபோய் விடுவேன். கடைக்குள் எப்போதும் ஸ்ட்ராபெரி ஷாம்பு வாசனையும், உலர்த்தும் காற்றில் சூடாகிப்போன முடியின் வாசனையும் கலந்து மிதக்கும். மதியச் சாப்பாட்டில்கூட அந்த ஸ்ட்ராபெரி இருக்கும். இன்றைக்கும் உங்களுக்கு ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம் வாங்கினால் எனக்கு மட்டும் வேண்டாம் என்கிறேனே, காரணம் இதுதான்.

மாதம் ஒருமுறை, ஒரே நாளில் வருகிற இரண்டு நாய்கள் இருந்தன. ஒன்று ராணி. இரண்டு தெரு தள்ளிப் பூக்கடை வைத்திருந்த அக்காவின் நாய், சில்கி. மற்றது லக்கி. முக்கால் மணி நேரத் தூரத்தில், கிள்ளான் ஊரில் பக்குத்தே என்கிற எலும்பு சூப்புக் கடை நடத்திய சீன அங்கிளின் நாய், யார்க்‌ஷயர். வழக்கமாக லக்கியின் தலையில் ஒரு சிவப்பு ரிப்பன் குடுமி கட்டியிருக்கும். ஆனால் எனக்கு ரிப்பனெல்லாம் தேவைப்பட்டதில்லை. ராணி பகலெல்லாம் பூக்கூடைகளுக்கு அடியில் படுத்துக் கிடப்பாள். தூக்கினால் மல்லிகை மணக்கும். லக்கி, மூலிகையும் எலும்பும் கொதிக்கும் பெரிய சூப்புப் பானைகளுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடப்பான். தூக்கினால் பசி எடுக்கும். மல்லிகை என்றால் சில்கி, சூப்பு என்றால் யார்க்‌ஷயர். என் நாய் ஞானம் அவ்வளவுதான். கடைக்கு வருகிறவர்களிடம் பெரிய நிபுணன் மாதிரி, "இது சில்கி, அது யார்க்கி, நல்லா பாருங்க" என்று அளந்துவிடுவேன். ஒன்றரை வருடம் அப்படியே ஓடியது.

பூக்கார அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனியாக இருந்தார். விடியுமுன்னே பூ எடுக்கப் போகும்போது ராணியும் கூடவே போவாள். அந்தக் கடை வரிசையை இடிக்கப் போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்ததும், வடக்கே மூன்று மணி நேரத் தூரத்தில் ஈப்போவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கே போய்விட முடிவு செய்தார். கிளம்பும் அன்று காலையில்தான் ராணியைக் கடைசித் தடவையாகக் குளிக்க அனுப்பினார்.

"நாலு மணிக்கு அண்ணன் லோரி எடுத்துட்டு வந்துருவாரு தம்பி. அதுக்குள்ள கொண்டாந்துரு. அங்க வீடு நெறைய ஆளு இருக்கு. ஆனா எனக்குன்னு இங்கேர்ந்து வரது இவ ஒருத்திதான்" என்றார்.

அன்றைக்குக் கொடுமையான வெயில். இரண்டு நாய்களுக்கும் முடி சிக்கு விழுந்திருந்ததால் முதலாளியம்மா இரண்டையும் ஒட்ட வெட்டிவிட்டார். கழுத்துப் பட்டைகள் ஒரு தகரடப்பாவில் கிடந்தன. குடுமியும் இல்லை, ரிப்பனும் இல்லை. "பட்டைய மாட்டி ஏத்துலா, நேரமாச்சு!" என்று முதலாளியம்மா உள்ளேயிருந்து கத்தினார்.

ஒன்றைத் தூக்கி முகர்ந்தேன். ஸ்ட்ராபெரி. மற்றதைத் தூக்கி முகர்ந்தேன். அதுவும் ஸ்ட்ராபெரி.

"ராணி" என்று கூப்பிட்டேன். இரண்டும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தன. "லக்கி" என்றேன். அதற்கும் இரண்டும் வந்தன. முதலாளியம்மாவிடம் கேட்டிருக்கலாம். அத்தனை நாள் நிபுணனாக இருந்துவிட்டு எப்படிக் கேட்பது? இரு கைகளிலும் தூக்கி நிறுத்துப் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் கனம். தினமும் சூப்பு எலும்பு தின்கிற நாய்தானே கனமாக இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டேன். கனமானதற்கு லக்கியின் பட்டையை மாட்டினேன். சில்கி இயல்பிலேயே கொஞ்சம் பெரிய ஜாதி, யார்க்‌ஷயர்தான் சிறியது என்கிற விஷயம் உங்கள் வயதுப் பிள்ளைக்குக்கூட இப்போது தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை.

பூக்கடையில் அக்கா மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "கூடைய அந்த மேசைக்கு அடியில வெய்யி தம்பி" என்றார். வைத்துவிட்டுக் கிள்ளானுக்குக் கிளம்பினேன்.

சூப்புக்கடை அங்கிள் ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். நம்மைவிடச் சத்தமாகத் தமிழ் பேசுவார். அன்றைக்குக் கடையில் நல்ல கூட்டம். என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே, "உக்காந்து சாப்புடு!" என்று கையைக் காட்டினார். நாயை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். அந்தச் சூப்பின் ஆவி முகத்தில் படும்போது உலகத்தில் எந்த அவசரமும் இருக்காது. இரண்டு கிண்ணம் குடித்தேன். நாய் பானைகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

கூட்டம் குறைந்ததும் அங்கிள் வந்தார். எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டு ஒன்றை நாயை நோக்கித் தூக்கிப் போட்டார். லக்கி அதை அந்தரத்திலேயே கவ்வுவான். அது அவர்கள் இருவரின் தினசரி விளையாட்டு. துண்டு நாயின் நெற்றியில் பட்டுக் கீழே விழுந்தது. நாய் அவரை ஒருமாதிரி பார்த்தது.

"ஐயோயோ தம்பி, இது யாரு வீட்டு நாயி?"

"லக்கிதான் அங்கிள். முடி வெட்டியிருக்கு, அதான்."

"முடி வெட்டினா மண்டை மாறுமா? நீ முடி வெட்டினா ஒங்க அம்மா வேற ஆளுன்னு வெரட்டிருவாங்களா? இது லக்கி இல்லலா!"

எனக்குள் அந்தச் சூப்பெல்லாம் ஆறிப்போனது. சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை. அக்காவிடம் ஃபோன் கிடையாது. எங்கள் கடைக்கு அடித்துச் சொல்லலாம். அடித்தால் முதலாளியம்மா எடுப்பார், என் வேலை போய்விடும். அங்கிள் ஃபோனைத் தூக்கியபோது நான்தான், "வேணாம் அங்கிள், நானே போயிருறேன்" என்று கெஞ்சித் தடுத்தேன். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஒரு ஃபோன் போதும், அக்காவுக்குச் சேதி போயிருக்கும். என் வேலையை நினைத்தேன், அவர் நாயை நினைக்கவில்லை.

கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. எப்பேர்ப்பட்ட மழை! முன்னால் போகிற வண்டிகளெல்லாம் சிவப்பு விளக்குகளாகக் கரைந்துபோயின. மேம்பாலங்களுக்கு அடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் மஞ்சள் மழைச்சட்டையோடு வரிசையாக ஒதுங்கி, யாருக்கோ காத்திருப்பவர்கள்போல நின்றார்கள். வேன் நகர்ந்ததா நின்றதா என்று எனக்கே தெரியவில்லை. துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட, ராணி பக்கத்து இருக்கையில் தலையைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூப்பு வாசனை வேன் முழுக்க நிறைந்திருந்தது. எனக்கு ஈப்போவின் சுண்ணாம்பு மலைகள் தெரிந்தன. அவற்றின் அடியில் ஒரு வீட்டில் அக்கா கூடையைத் திறக்கிறார். உள்ளே வேறு யாரோ. அந்தக் காட்சி துடைக்கத் துடைக்கக் கண்ணாடியில் மறுபடி மறுபடி வந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை. மழை தூறலாகியிருந்தது. லோரி நின்றுகொண்டிருந்தது.

சாமான்களெல்லாம் ஏற்றிக் கட்டியாகிவிட்டது. காலிக் கடையில், கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் அக்கா லக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிஞ்சிய மல்லிகைச் சரத்தை அவன் கழுத்தில் சுற்றி விட்டிருந்தார். அண்ணன் லோரியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"வந்துட்டாரு தொரை! ஒரு நாய்க்காக லோரியையே ஒன்றரை மணி நேரம் நிறுத்தி வெச்சிருக்கா என் தங்கச்சி."

"அக்கா, மன்னிச்சிருங்க..."

"கூடையத் தொறந்ததும் தெரிஞ்சிருச்சு தம்பி. கடையில சொன்னா ஒன் வேலை போயிரும். நீ சொல்லுவியே அந்தக் கிள்ளான் அங்கிள், அவருக்கும் தெரிஞ்சிரும், நீ வந்துருவேன்னு உக்காந்திருக்கேன்" என்றார் அக்கா.

நான் ராணியை இறக்கிவிட்டேன். லக்கி மடியிலிருந்து தாவினான். இரண்டும் ஒன்றை ஒன்று துரத்தி, சரத்தை அறுத்துப்போட்டு, லோரிக்கு அடியில் புகுந்து, சேறும் தண்ணீருமாக மறுபக்கம் வெளியே வந்தன. "இருங்கக்கா, நான் புடிச்சித் தரேன்" என்று பாய்ந்து ஒன்றைப் பிடித்தேன். பட்டையைக்கூடப் பார்க்கவில்லை, அவைதான் மாறிக் கிடந்தனவே. முகர்ந்தேன். கும்மென்று மல்லிகை. சந்தேகமே இல்லை. "இந்தாங்க ஒங்க ராணி" என்று கூடையில் வைத்து மூடியைக் கட்டினேன்.

அக்கா கூடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு தாங்காமல் மறுபடி வாளியில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, மத்தியானத்துலேர்ந்து பூவோட என் மடியில கெடந்த நாயி வேற எப்படி மணக்கும்? சூப்புல முங்கி வந்து நிக்கிறாளே, அவதான்டா ராணி!"

"இவன் டிரைவரா, போலீஸ் நாயா?" என்று கேட்டார் அண்ணன். அவரும் சிரித்துவிட்டார்.

அக்கா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து வைத்தார். "ஒன்றரை வருசமா தூக்கிட்டுப் போறே, தூக்கிட்டு வரே. ஒரு நாளாச்சும் இதுங்க மொகத்தப் பாத்திருக்கியா?" ராணியின் மூக்கின்மேல் ஆள்காட்டி விரலை நீளமாக வைத்துக் காட்டினார். லக்கியின் மூக்கின்மேல் வைத்தபோது விரல் கண்ணுக்கு மேலே ஏறிவிட்டது. ராணிக்கு நீண்ட மூக்கு, கொஞ்சம் நரி சாடை. லக்கிக்குக் குட்டை மூக்கு, பொம்மை முகம். பார்த்தபிறகு, இவ்வளவு வித்தியாசத்தை எப்படித்தான் பார்க்காமல் இருந்தேனோ என்று ஆகிவிட்டது.

லோரி கிளம்பியது. அக்கா முன்னிருக்கையில் ராணியை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் ஏதோ சொன்னார். இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. நான் சன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். புதிதாகக் கற்ற பாடமல்லவா! நீண்ட மூக்கு, நீண்ட மூக்கு என்று ராணியின் முகத்தையே, லோரி திருப்பத்தில் மறையும் வரைக்கும் அளந்துகொண்டு நின்றேன்.

லக்கியைக் கிள்ளானில் விட்டபோது அங்கிள் அவனை முகர்ந்து பார்த்து, "என்னடா இது, கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வரியா?" என்றார். முதலாளியம்மாவிடம் அவர் கடைசிவரை மூச்சு விடவில்லை.

இப்போது அந்தக் கடை வரிசை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. கீழே வண்டி நிறுத்துமிடம். உங்களுக்குக்கூட ஒருமுறை அங்கே வண்டியை நிறுத்தி வடை வாங்கிக் கொடுத்தேன். நாய்க்கடை இல்லை. வேன் கிள்ளான் பக்கம் மேரு என்கிற ஊரில் ஏதோ பழைய இரும்புக் கிடங்கில் போய் முடிந்தது. அங்கிள் இல்லை, அவர் மகன் கடைக்குக் குளிர்சாதனம் போட்டுவிட்டான், சூப்பு வாசனை தெருவுக்கு வருவதில்லை. நாய்களின் ஆயுள் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

சின்னவளே, உன் கேள்விக்குப் பதில்: இடது பக்கம் சில்கி, வலது பக்கம் யார்க்‌ஷயர். மூக்கைப் பார். ராணியின் முகமும் லக்கியின் முகமும் இன்றைக்குக் கண்ணை மூடினாலும் எனக்குத் தெரிகின்றன.

அக்காவின் முகம்தான் வரமாட்டேன் என்கிறது. எவ்வளவு யோசித்தாலும் மல்லிகை வாசனைதான் வருகிறது.