சஹனில் ஆறாவது இடம்

இந்த நாட்டில் சந்தோஷப்படுவதற்கும் நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள். பெருநாளுக்கு மூன்றாம் நாள், சனிக்கிழமை, காலை பத்து இருபதுக்கும் பத்து நாற்பதுக்கும் இடையில் நாங்கள் வாசலுக்கு வர வேண்டும் என்று மின்னஞ்சல் வந்திருந்தது. பத்துப் பதினைந்துக்கே போய் நின்றோம். மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர், திரும்பிப் போய்க் காருக்குள் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வரும்படி சொன்னார். எட்டிப் பார்த்தேன், உள்ளே சனமே இல்லை. ஆளில்லாத ராட்டினம் ஒன்று பாட்டுப் போட்டபடி தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. சனம் இல்லாத இடத்துக்கு ஏன் காத்திருந்து போக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காமலே போய்க் காருக்குள் இருந்தோம். இங்கிலாந்துக்கு வந்த இந்தப் பதினான்கு வருடத்தில் நான் ஒழுங்காகப் பழகிக்கொண்ட காரியம் அது ஒன்றுதான்.

பெரிய தீம் பார்க் அது. தங்குவதற்கு ஹோட்டல்கள், நீச்சல் தடாகம், ஏரி எல்லாம் சேர்ந்த ரிசோட். கொரோனாவுக்காக மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்துவிட்டு அப்போதுதான் பாதிக் கண்ணைத் திறந்திருந்தது. ஹோட்டல்களை இன்னும் திறக்கவில்லை. எல்லா ஜன்னல்களிலும் திரை இழுத்துவிட்டிருந்தது. ஏறிச் சுற்றும் ரைட்களில் மூன்றில் ஒன்றுக்குப் பலகை அடித்திருந்தார்கள். நிலமெல்லாம் பாதம் வரைந்த ஸ்டிக்கர்கள். ஒரு பாதத்திலிருந்து அடுத்த பாதத்துக்கு இரண்டு மீற்றர். பத்தடிக்கு ஒரு செனிடைசர் போத்தல். அல்கஹோல் கலந்ததென்று என் மனைவி பரீனா அதைத் தொடமாட்டாள், தண்ணீர்ப் போத்தலும் சவர்க்காரமும் பையிலேயே இருக்கும். மகள்மார் இருவரும், ஸஹ்ராவுக்குப் பதினைந்து, ஹிபாவுக்கு ஒன்பது, ஒரு வருடமாக வீட்டுக்குள் கிடந்து புழுங்கியவர்கள். அவர்களுக்காகத்தான் டிக்கெட் எடுத்தேன். ஐந்தாவது ஆள் நவாஸ். மருதமுனைக்காரன், என்னோடு பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்பவன். குடும்பம் ஊரில் இருப்பதால் அவனுடைய பெருநாளெல்லாம் எங்களோடுதான்.

பிள்ளைகளுக்காக என்று சொன்னேன். ஆனால் நான் அங்கே நடந்ததெல்லாம் சட்டைப் பையில் இருந்த போனைத் தடவிக்கொண்டுதான். ஊரில் இருக்கும் என் தம்பி சியாம் ஐந்து மாதமாக என்னோடு கதைப்பதில்லை. பெருநாளன்று ஏழு தடவை எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது.

கடந்த மாரியில், சாய்ந்தமருதில், எங்கள் வாப்பா மௌத்தானார். கொரோனா என்றார்கள். அந்த நாட்களில் எங்கள் நாட்டில் கொரோனாவில் போனவர்களை, எந்த மார்க்கத்துக்காரர் என்று பாராமல், எரித்துக்கொண்டிருந்தார்கள். ஊரவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்களில் மையித்தை எரிப்பதில்லை. குளிப்பாட்டி, கபன் துணியிட்டு, தொழுவித்து, மண்ணில்தான் அடக்குவோம். ஆஸ்பத்திரியில், எரிக்கச் சம்மதம் என்ற ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். சியாம் வைக்கமாட்டேன் என்று நின்றுகொண்டு எனக்கு போன் எடுத்தான்.

"வெச்சிரு தம்பி," என்றேன். "வெக்காட்டியும் எரிக்கத்தான் போறானுகள். உன்னையும் புள்ளைகளையும் கொண்டு பெய்த்து எங்கயாவது கொரோனா முகாம்ல போட்டாங்களெண்டா என்ன செய்வ?"

"நீங்க சொன்னதுக்காக வெக்கிறன் காக்கா," என்றான். அதுதான் அவன் என்னோடு கடைசியாகக் கதைத்தது. நான் சொன்னது சரியா பிழையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாண் தட்டுகளை அடுக்கும்போது சரியென்று படும். தொழுகைக்குக் கை கட்டி நின்றால் பிழையென்று படும். ஆறாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு கையெழுத்து வை என்று சொல்வது லேசான வேலை.

ஸஹ்ரா விடவில்லை, ஒரு ரைட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். உயரமான கோபுரம், சுற்றிவர இருக்கைகள். மேலே தூக்கிக்கொண்டு போய், கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துவிட்டு, பொத்தென்று விழ விடுவார்கள். இதற்காகத்தான் மனிதர்கள் லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். ஒரு இருக்கை விட்டு ஒரு இருக்கையில்தான் ஆட்களை வைத்தார்கள், அதனால் எனக்கும் மகளுக்கும் நடுவில் ஒரு காலி இருக்கை. பொறுப்பாக நின்ற நரைத்தாடிக்காரர் மாஸ்குக்குள் இருந்து ஏதோ சொல்லி என் காலைக் காட்டினார். பெருநாளுக்கு வாங்கிய புதுச் செருப்பை மெச்சுகிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன். அவர் மறுபடியும் காட்டினார். கழற்றச் சொல்லியிருக்கிறார்! செருப்பையும் போனையும் கீழே ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு ஏறி இருந்தேன்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது பெருநாளுக்குக் கல்முனையில் கார்னிவல் போடுவார்கள். ராட்டினத்துக்கு வாப்பா எங்கள் இரண்டு பேருக்கும்தான் டிக்கெட் எடுப்பார், அவர் ஏறமாட்டார். ஒரு வருடம் சியாமின் செருப்பு மேலேயிருந்து கழன்று கடலைக்காரரின் தட்டில் போய் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் நாலு செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு வாப்பா கீழே நிற்பார். ஒவ்வொரு சுற்றிலும் நாங்கள் குனிந்து தேடுவோம். அவர் செருப்புகளைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார்.

கோபுரத்தின் உச்சியில் இருக்கை நின்றது. காற்று சட்டைக்குள் புகுந்தது. பழக்க தோஷம், குனிந்து பார்த்தேன். கீழே அந்தப் பெட்டி நகம் அளவுக்குத் தெரிந்தது. அதன் பக்கத்தில் யாரும் இல்லை. என்னையறியாமல் வாய்விட்டே சொல்லிவிட்டேன், "அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா." சொல்லி முடிக்குமுன் விழ விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் கத்திய கத்தல் சலாமில் சேராது.

கீழே வந்தபோது பெட்டிக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. அந்த மணியோசை நான் சியாமுக்கென்று வைத்தது. நரைத்தாடிக்காரர் வரிசையில் முதலாவது ஆளிடமிருந்து தொடங்கி, ஆட்களைப் பூட்டியிருந்த ஒவ்வொரு கம்பியையும் மருந்துத் துணியால் துடைத்துத் துடைத்துத் திறந்துகொண்டு வந்தார். நான் எட்டாவது. "என் தம்பி! என் தம்பி!" என்று பெட்டியைக் காட்டிக் கத்தினேன். ரைட் பிடித்துப்போன சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பெருவிரலை உயர்த்திக் காட்டினார். அவர் என்னிடம் வந்து சேர்வதற்குள் மணி நின்றுவிட்டது. திருப்பி எடுத்தேன். பதில் இல்லை. இன்னொரு தடவை எடுத்தேன், அப்போதும் இல்லை.

பகல் சாப்பாட்டுக்கு ஏரிக்கரைப் புல்லில் பாய் விரித்தோம். பரீனா பெரிய சஹனைக் கொண்டு வந்திருந்தாள். எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டிலோ கந்தூரியிலோ தனித்தனித் தட்டு இல்லை. ஒரு பெரிய தட்டு, நடுவில் சோறு, சுற்றிவர ஆறு பேர். அவரவர் தமக்கு முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்து சாப்பிடுவார்கள். ஐந்து பேர் இருந்து ஒரு இடம் காலியென்றால் யாரும் சோற்றில் கை வைப்பதில்லை. "இஞ்ச ஒரு ஆள் குறையிது" என்று சத்தம் போட்டு, வழியால் போகிறவரையாவது பிடித்து இருத்துவோம். வெளியில் ஆறு பேர்தான் ஒன்றுகூடலாம் என்று இங்கே அரசாங்கம் அறிவித்த நாளில் நவாஸ் சொன்னான், "பாத்தயா மச்சான், இவனுகளும் சஹனுக்கு வந்துட்டானுகள்."

பரீனா பழக்கத்தில் ஆறு கோழித் துண்டு வைத்துவிட்டாள். நாங்கள் ஐந்து பேர். தண்ணீர் ஊற்றிக் கை கழுவிவிட்டு இருந்தோம். யாரும் தொடங்கவில்லை. என் கண் போனிலேயே இருந்தது. அந்த நேரம் பார்க் வேலைக்காரப் பெண் ஒருவர், என் வயது இருக்கும், ஆட்களை எண்ணிக்கொண்டே எங்களிடம் வந்தார். எண்ணிவிட்டு, ஆறு பேருக்கு மேல் கூடாது என்று நினைவூட்டினார்.

"எங்களுக்கும் ஆறுதான். ஒரு ஆள் குறைகிறது," என்றேன். சொன்ன வாயோடு, நாற்பது வருடப் பழக்கம், காலி இடத்தைத் தட்டிக் காட்டி, "வாருங்கள், இருங்கள்," என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் பாம்பைக் கண்டவர்போல இரண்டடி பின்னால் போனார். ஒரே தட்டு, ஐந்து கை, கூடவே தனக்கும் அழைப்பு. அந்த வருடம் முழுவதும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் இதைச் செய்யாதே என்றுதான். தான் சேன்ட்விச் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். ஸஹ்ரா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனாலும் அந்தப் பெண் போகவில்லை. ஆறாவது துண்டையும் காலி இடத்தையும் என் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"தம்பிக்காக."

"வாசலில் மறித்துவிட்டார்களா? நேரம் பிந்தினால் உள்ளே விடமாட்டார்கள். பெயரைச் சொல்லுங்கள், கேட்டுப் பார்க்கிறேன்."

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் உண்மையைச் சொல்லியிருப்பான். தம்பி சாய்ந்தமருதில் இருக்கிறான், அங்கே மறுபடியும் ஊரை அடைத்துவிட்டார்கள், கோபத்தில் இருக்கிறான் என்று. அவர் அவ்வளவு அக்கறையாகக் கேட்டதில் எனக்குத் தலை குழம்பிவிட்டது. "சியாம்," என்றேன். அவர் ரேடியோவை வாயருகே வைத்து, "சியாம் என்று யாராவது வாசலில் நிற்கிறாரா?" என்று கேட்டார். கரகரவென்று ஒரு குரல் பதில் சொன்னது. அவர் முகம் வாடிவிட்டது. "அப்படி யாரும் வரவில்லையாம். ஆனாலும் வந்தால் உள்ளே விடச் சொல்லியிருக்கிறேன்," என்றார். நவாஸ் சிரிப்பை அடக்க முடியாமல் ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து மாதத்தில் என் தம்பியை உள்ளே விடச் சொல்லி வாய்திறந்து கேட்டது அந்தப் பெண் ஒருவர்தான்.

அவர் இருபது அடி போயிருப்பார், போன் அடித்தது. வீடியோ கோல். திரையில் சியாம், தாடி வளர்ந்து, கண் குழிந்து. பின்னால் மையவாடி, ஊரில் மையித்து அடக்கும் இடத்தின் மதில். அங்கே பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்குக் கிட்டிய நேரம்.

சலாம் சொன்னான். நான்தான் தொடங்கினேன், "தம்பி, அந்தக் கையெழுத்து..."

"அத இப்ப கதைக்க வேணாம் காக்கா." மூச்சு விட்டான். "ஒண்டு கேக்கத்தான் எடுத்தன். பெருநாளெண்டா எல்லாரும் அவங்கவங்கட வாப்பாட கபுறடிக்குப் போவாங்க. நான் மூணு நாளா இந்த வாசல் மட்டும் வந்துட்டுத் திரும்பிப் போறன். எங்க பாத்துச் சலாம் சொல்ற எண்டு தெரியல்ல. நீங்க எங்க நிண்டு சொன்ன?"

இதே கேள்வியை நான் இங்கே பள்ளிவாசல் ஹஸ்ரத் ஒருவரிடம் கேட்டிருந்தேன். எங்கேயிருந்தும் துஆக் கேட்கலாம், அதற்கு இடம் தேவையில்லை என்றார். துஆவுக்குத் தேவையில்லைதான். மகனுக்குத் தேவைப்படுகிறதே! போனைத் திருப்பிச் சியாமுக்குக் கோபுரத்தைக் காட்டினேன். "அந்த உச்சியில நிண்டு," என்றேன். வாப்பா நின்ற இடத்தைக் குனிந்து தேடியதையும், செருப்பு கிடந்த பெட்டியையும், எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பான் என்றுதான் நினைத்தேன். பெருநாளுக்கு நான் பெரிய கூத்துப் போடுகிறேன் என்று ஏசப்போகிறான்.

"அதுல ஏறினீங்களா? நீங்களா?" என்றான். "கார்னிவல் ராட்டினத்துல காற்சட்டையோட மூத்திரம் பெய்த நீங்களா?"

ஹிபா விழுந்து விழுந்து சிரித்தாள். சியாமும் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் வாய் கோணிப்போனது. கொஞ்ச நேரம் மதிலை மட்டும் காட்டினான்.

"மறுகா ஏறுவீங்களா காக்கா?"

"ஓம், ஏறுவன்."

"என்ட சலாத்தையும் சொல்லிடுங்க. இப்ப சோத்தத் தின்னுங்க, ஆறிப்போகுது."

போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து ஆறாவது இடத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டோம். அந்தப் பெண் தூரத்தில் நின்றே, "வந்துவிட்டாரா?" என்று கேட்டார். திரையைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துக் கை அசைத்தார். யார் எவரென்று தெரியாமலே சியாம் நெஞ்சில் கை வைத்துச் சலாம் சொன்னான். ஆறாவது துண்டை ஹிபாவுக்குக் கொடுக்கச் சொன்னான்.

போன் இணைப்பை அணைக்கவில்லை. பரீனாவிடம் கொடுத்துவிட்டுத் தனியாக வரிசையில் நின்றேன். முன்னால் ஒரு பாதம், பின்னால் ஒரு பாதம், நடுவில் நான். இங்கே திறக்கிறார்கள், அங்கே பூட்டுகிறார்கள். நான் எந்த நாட்டின் வாசலில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. இம்முறை செருப்பை யாரும் சொல்லாமல் நானே கழற்றினேன்.

"எத்தனை பேர்?" என்று நரைத்தாடிக்காரர் கேட்டார்.

"இரண்டு," என்று வாயில் வந்துவிட்டது.

அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஓர் இருக்கையைக் காட்டினார். பக்கத்து இருக்கையைச் சட்டப்படி எப்படியும் காலியாகத்தான் விட வேண்டும். கீழே பரீனா போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நரைத்தாடிக்காரர் வந்து என் கம்பியை இறக்கிப் பூட்டினார். பிறகு பக்கத்திலிருந்த காலி இருக்கையின் கம்பியையும் இறக்கிப் பூட்டி, ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். நாங்கள் மேலே போகத் தொடங்கினோம்.