நான்காவது அறிவிப்பு

கந்தப்பளைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கந்தப்பன் வாய் திறக்காமல் யாருக்கும் எதுவும் தெரியவராது. சாவு, கல்யாணம், தண்ணீர் வராத நாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரம் மாறுவது, எதுவானாலும் மாரியம்மன் கோயில் மைக்கில் அவர்தான் சொல்லவேண்டும். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் முப்பது வருட வேலை. ஆனாலும் என்ன செய்கிறீர்கள் என்று வெளியாள் கேட்டால் "அறிவிப்பு" என்றுதான் சொல்லுவார். மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லையென்று சொன்னால் அது பொய்.

தலைக்கனத்துக்குக் காரணம் ஆங்கிலம். வயசுக் காலத்தில் நுவரெலியாவில் இராசரத்தினம் மாஸ்டர் நடத்திய ஞாயிறு வகுப்புக்கு இரண்டு வருடம் ஒரு நாள் தவறாமல் போனவர் அவர். யாழ்ப்பாணத்து மாஸ்டர். ஒருநாள் கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதிவிட்டுச் சொன்னார்: "இன்ஃபோர்ம் எண்டால் தெரிவிக்கிறது. பிரெடிக்ட் எண்டால் வரப்போறதை முன்னமே சொல்லுறது. வார்ன் எண்டால், கேக்கிறவன் எழும்பி ஓடவேணும். அப்பிடிச் சொல்லவேணும்." கந்தப்பன் அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார்.

மழைக்காலத்தில் மண்சரிவு பற்றிய செய்தி தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரையிடமிருந்து அவருடைய போனுக்கு வரும், ஆங்கிலத்தில். தமிழில் வருவதற்குள் மழையே விட்டுவிடும். அதனால் கந்தப்பன் படித்து, தமிழாக்கி, மைக்கில் சொல்லுவார். அந்த வருடம் மூன்று தடவை செய்தி வந்தது. மூன்று தடவையும் தொண்டை கிழியக் கத்தினார்: "எச்சரிக்கை! கீழ் லயத்து ஆளுங்க எல்லாரும் உடனே வெளியேறி ஸ்கூலுக்குப் போங்க! ஒருத்தரும் வீட்டுல இருக்காதீங்க!"

லயத்து வரிசை வீடுகளிலிருந்து சனம் பாயும் சட்டியுமாகப் போனது. மலை அசையவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கோழிகளை நாய் தின்றிருந்தது, கூரை ஒழுகிப் படுக்கையெல்லாம் நனைந்திருந்தது. மூன்றாம் தடவைக்குப் பிறகு தண்ணீர் கொட்டும் பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னண்ணே, மலை இன்னைக்கு வருதா, நாளைக்கு வருதா? நாளைக்குன்னா இந்தத் துணிய அலசிப் போட்டுருவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வீட்டுக்குப் போய் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நான்காவது செய்தி நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. 'வார்னிங்' என்று இருந்தது, 'இமீடியட்லி' என்றும் இருந்தது. இரண்டும் தெரிந்த சொற்கள். மைக்கைக் கையில் எடுத்ததும் பீலியடிச் சிரிப்பு காதில் வந்து நின்றது. கந்தப்பன் பூசி மெழுகினார். "மழை கூடுதலா பெய்யும்னு தெரிவிச்சிருக்காங்க. எல்லாரும் கவனமா இருந்துக்குங்க." அவ்வளவுதான். மைக்கை அணைத்துவிட்டுப் போய்ப் பிளேன்டீ குடித்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கீழ் லயத்துக்குப் பின்னால் மண் முனகும் சத்தம் கேட்டது. கேட்டவர்கள் போட்டது போட்டபடி ஓடித் தப்பினார்கள். காளியாயியின் மகள் சுலக்ஷனா மட்டும் காய்ச்சலில் படுத்திருந்தாள், பத்தொன்பது வயது. தாய் மாத்திரை வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். சரிந்த மண்ணுக்குள்ளிருந்து பிள்ளையை மூன்றாம் நாள்தான் தோண்டி எடுத்தார்கள்.

பிறகு நடந்ததுதான் கந்தப்பனை உள்ளுக்குள் கொன்றது. தோட்டமே அவரைப் புகழ்ந்தது. "அண்ணன் அன்னைக்கும் அடிச்சு அடிச்சு சொன்னாரு, நாமதான் கேக்கல" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் ஆமாம் போட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. மூன்று தடவை கேட்ட குரலை நான்காவது தடவையும் கேட்டதாகவே அவர்கள் மனசு எழுதிக்கொண்டது. தொழிற்சங்கக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். வாய் திறக்க அவருக்குப் பயமாக இருந்தது. குனிந்து வாங்கிக்கொண்டார்.

காளியாயியின் புருஷனுக்குக் கொழும்பில் வேலை. கருமாதி முடிந்த அன்று சொந்தக்காரர்கள் முன்னாலேயே அவன் அவளைக் கேட்டான்: "மைக்குல கத்திச் சொல்லியும் சீக்குப் புள்ளைய விட்டுட்டுப் போனியே, நீ ஒரு தாயா?" பஸ் ஏறிப் போனவன் அதன்பிறகு அவளுடைய போனை எடுக்கவில்லை.

அதற்கப்புறம் காளியாயி நாலு நாளைக்கு ஒரு தடவை கந்தப்பனின் வாசலில் வந்து நிற்கத் தொடங்கினாள்.

"அண்ணே, அன்னைக்கு என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க."

முதல் தடவை கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக மூன்றாவது அறிவிப்பையே சொல்லிக்காட்டினார். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஆமா, அதான். கேட்டுட்டுத்தான் கடைக்குப் போனேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள். அடுத்த தடவையும் அதையே கேட்டாள், அவரும் அதையே சொன்னார். வாட்டும் மாடியில் காற்றாடிகள் ஓடும்போது அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அவருடைய சொந்தக் குரல் "தெரிவிச்சிருக்காங்க, தெரிவிச்சிருக்காங்க" என்று வந்துகொண்டே இருந்தது.

ஐந்தாவது தடவை வந்தபோது அவள் பாதி ஆளாக இருந்தாள். "எட்டு நாளா சோறு எறங்கலண்ணே. எறங்கவும் வேணாம்" என்றாள்.

கந்தப்பனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஆயி, ஒன் மேல குத்தமில்ல. அன்னைக்கு நான் ஓடுங்கன்னு சொல்லவே இல்ல. எல்லாரும் சிரிப்பீங்கன்னு வெக்கப்பட்டு, சும்மா மழை வரும்னு மட்டும் சொன்னேன். ஒம்புருஷனுக்கும் நானே சொல்றேன். ஒம்மக சாவு என்னாலதான்."

காளியாயியின் முகம் இளகியது.

"எம் மனசு ஆறணும்னு பழிய நீங்க ஏத்துக்கிறீங்களா? வேணாம்ணே. எங் காதால கேட்டேன்."

"இல்ல ஆயி, சத்தியமா..." என்று பதறிப் போனை எடுத்துக் காட்டினார். அதற்குள் இருந்த செய்தி என்ன சொன்னது? வார்னிங் என்றது, இமீடியட்லி என்றது. அவர் சொல்லாமல் விட்டதற்கு எங்குமே சாட்சி இல்லை. போனை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அந்த வார்த்தைய ஒரு தடவ சொல்லுங்கண்ணே, போயிர்றேன்."

கந்தப்பன் சொன்னார். இந்தத் தடவை உண்மையைச் சொன்னார், அன்று சொன்னபடியே. "மழை கூடுதலா பெய்யும்னு தெரிவிச்சிருக்காங்க..."

"அது இல்லண்ணே," என்று காளியாயி மெதுவாக இடைமறித்தாள். கண்ணை மூடிக்கொண்டு அவளே சொல்லத் தொடங்கினாள். "எச்சரிக்கை. கீழ் லயத்து ஆளுங்க எல்லாரும் உடனே வெளியேறி ஸ்கூலுக்குப் போங்க. ஒருத்தரும் வீட்டுல இருக்காதீங்க." ஒரு சொல் பிசகவில்லை. சொல்லி முடித்ததும் கையெடுத்து அவரைக் கும்பிட்டாள்.